சுவிட்சர்லாந்துக்குக் குடிவந்த பின் பொழுதுபோக்குக்குப் பறப்பது: உரிமத்தை மாற்றினால் போதுமா?

கேள்வி, 11 பிப்ரவரி 2023

டொராண்டோ பக்கம் தனியார் விமானி உரிமம் வாங்கினேன். கையில் 170 மணி நேரம், பெரும்பாலும் செஸ்னா 172. வேலை மாறி மே மாதம் சூரிச் வருகிறேன். கனடா உரிமத்தை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்யலாம்? இன்னொன்று. வரைபடத்தைப் பார்த்தேன், கோட்ஹார்ட் கணவாய் 6,900 அடிதான். என் விமானம் 14,000 அடி ஏறும். பாதி உயரம்தானே? ஆல்ப்ஸைக் கடப்பதை அந்த ஊர் விமானிகள் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

11 பிப்ரவரி, இரவு

காகித வேலையை முதலில் முடித்துவிடுகிறேன், அது எளிது. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தின்படி விமானி உரிமத்துக்கு ஐரோப்பிய விதிகளையே பின்பற்றுகிறது. உங்கள் கனடா உரிமம் மூன்றாம் நாட்டு உரிமம், அதாவது இந்த விதிகளுக்கு வெளியே உள்ள நாடு கொடுத்தது. அதை மாற்றிக்கொள்ள 100 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. வான்சட்டம், மனிதச் செயல்திறன் ஆகிய இரண்டு பாடங்களில் அறிவை நிரூபிக்க வேண்டும். பறப்புத் தேர்வு உண்டு. இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, மொழித் திறன் சான்று. அவ்வளவுதான். ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை.

மருத்துவச் சான்று 40 வயதுக்குள் என்றால் ஐந்து ஆண்டு செல்லும், 40 தாண்டினால் இரண்டு, 50 தாண்டினால் ஒன்று. என் நிலைமை மூன்றாவது.

14,000 அடிக்கு நாளை பதில் எழுதுகிறேன். இன்று எழுதினால் கடுமையாகிவிடும்.

12 பிப்ரவரி

கையேட்டில் 14,000 அடி என்று போட்டிருக்கிறார்களே, அது நிமிடத்துக்கு 100 அடி மட்டுமே ஏறக்கூடிய உயரம். 172 எஸ் முழு எடையோடு கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும். 8,000 அடியில் ஏறக்குறைய அதில் பாதி. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் வலுவை இழந்துகொண்டே போகிறது. சமவெளியில் இதை யாரும் கவனிப்பதில்லை, அங்கே 3,000 அடிக்கு மேல் போகக் காரணமும் இல்லை.

இப்போது அந்தக் கணவாயின் மீது 25 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) காற்று வீசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று வரும் பக்கச் சரிவில் அது மேலே ஏறுகிறது, மறுபக்கச் சரிவில் இறங்குகிறது. எதிர்க்காற்றில் கணவாயை நெருங்குகிறவர் இந்த இறங்குகாற்றுக்குள்தான் போகிறார். அது நிமிடத்துக்கு ஆயிரம் அடி இறங்கினால், முழு வலுவில் ஏறிக்கொண்டிருக்கும் உங்கள் விமானம் மொத்தத்தில் நிமிடத்துக்கு 600 அடிக்கு மேல் கீழே போகும். மூக்கு மேல்நோக்கி இருக்கும், எஞ்சின் முழங்கும், உயரமானி குறையும். மூக்கை இன்னும் தூக்க வேண்டும் என்று கை துடிக்கும். தூக்கினால் வேகம் கரையும், விபத்து அங்கே தொடங்குகிறது.

ஆகவே கணவாயின் உயரத்தையும் விமானத்தின் உச்சவரம்பையும் கழித்துப் பார்ப்பதில் பயனில்லை. அன்றைய காற்றில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே கணக்கு.

12 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

மாட்டர்ஹார்ன் 4,478 மீட்டர். அடியில் 14,690. உங்கள் விமானத்தின் உச்சவரம்புக்கும் மேலே. சொல்லாமல் விட மனம் வரவில்லை.

15 பிப்ரவரி

ஒருவர் பின்னால் எழுதியிருக்கிறார்: புதிதாக வருகிறவரை ஏன் பயமுறுத்துகிறீர்கள், ஆயிரக்கணக்கானோர் பறக்கிறார்களே என்று. பறக்கிறார்கள். நானும் பறக்கிறேன். நல்ல நாளில் ஆலெட்ச் பனியாற்றின் மேல் போவதற்கு ஈடாக இன்னொன்றை எனக்குத் தெரியாது. நான் சொல்வது வேறு. சமவெளியில் கற்றவருக்கு ஒரு பழக்கம் கைக்குள் ஊறியிருக்காது: திரும்பிவர இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு நிமிடமும் பார்ப்பது. அங்கே எப்போதும் இடம் இருந்ததால் அது தேவைப்படவில்லை. எனக்கும் அப்படித்தான், நான் கற்றது கடலோரச் சமவெளியில்.

எண்ணில் சொல்கிறேன். உண்மை வேகம் 100 நாட், சாய்வு 30 பாகை என்றால் அரைவட்டம் அடிக்க 930 மீட்டர் அகலம் வேண்டும். 45 பாகை சாய்த்தால் 540 மீட்டர் போதும், ஆனால் விமானம் தாங்கும் குறைந்தபட்ச வேகம் 19 சதவீதம் கூடிவிடும். வேகத்தை 85 நாட்டுக்குக் குறைத்துவிட்டு 30 பாகையிலேயே திரும்பினால் 675 மீட்டர். எனவே பள்ளத்தாக்கு குறுகும்போது வேகத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. சாய்வைக் கூட்டுவது பிறகு.

பள்ளத்தாக்கின் நடுவில் பறப்பவர் தன் இடத்தில் பாதியைத் தானே வீணாக்குகிறார். வலது சரிவை ஒட்டிப் போனால் இடப்பக்கம் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். எதிரே வருகிறவரும் அவருடைய வலப்பக்கத்தில் வருவார். இடது இருக்கையிலிருந்து இடப்பக்கம் நன்றாகத் தெரியும் என்பதும் ஒரு வசதி.

19 பிப்ரவரி

கணவாய்க்கு மேல் எத்தனை அடி விட வேண்டும் என்று கேட்டவருக்கு ஆயிரம் என்று பதில் போட்டிருந்தேன். அது காற்றில்லாத காலைக்கு. காற்று இருந்தால் இரண்டாயிரம். முகட்டின் உயரத்தில் 20 நாட்டுக்கு மேல் காற்று என்று முன்னறிவிப்பு சொன்னால் நான் வீட்டில் இருந்துவிடுவேன். என்னைவிட நன்றாகப் பறப்பவர்கள் 25, 30 வரை போகிறார்கள். அவர்களிடம் எனக்குப் பொறாமை இல்லை.

முகட்டை நேராக அணுகாமல் 45 பாகையில் சாய்வாக அணுகுங்கள். இறங்குகாற்று பிடித்தால் சிறிய திருப்பத்திலேயே சரிவை விட்டு விலகிவிடலாம். நெருங்க நெருங்கக் கணவாய்க்கு அப்பால் உள்ள நிலம் மேலும் மேலும் தெரிய வந்தால் நீங்கள் அதைவிட உயரத்தில் இருக்கிறீர்கள். மறைந்துகொண்டே வந்தால் அப்போதே திரும்புங்கள்.

4 மார்ச்

இறுகிய நேரத்தில் எல்லாப் பள்ளத்தாக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஓட்டும் அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. கோட்ஹார்ட்டுக்கு வடக்கிலிருந்து போகும்போது ராய்ஸ் ஆற்றோடு ஆல்ட்டார்ஃப், வாசன், கோஷனன் என்று போகிறீர்கள். வாசனில் வலப்பக்கம் ஒரு பள்ளத்தாக்கு பிரிந்து சூஸ்டன் கணவாய்க்குப் போகும். கோஷனனில் வலப்பக்கம் இன்னொன்று பிரியும். பார்க்க அகலமாக, அழைப்பது போல இருக்கும். அதன் முடிவில் ஓர் அணை ஏரியும் 3,630 மீட்டர் டாமாஸ்டாக்கும் நிற்கின்றன. போக வேண்டியதோ நேரே தெற்கில், குறுகலான ஷோலனன் இடுக்குக்கு மேலே, ஆண்டர்மாட்டுக்கு. லுசேர்ன் ஏரியின் மேலேயே வட்டமடித்து 9,000 அடி ஏறிவிட்டால் இந்தக் குழப்பமே வராது, எல்லாம் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடக்கும். கீழேயே போய் வழியில் ஏறிக்கொள்ளலாம் என்பவர்களுக்குத்தான் பள்ளத்தாக்குத் தேர்வு நடக்கிறது.

கம்பிகளும் அங்கேதான். சரக்கு ஏற்றும் கம்பிவடங்கள், ரோப்கார்கள், மின்கம்பிகள். கம்பி கண்ணில் படாது, அதைத் தாங்கும் கோபுரங்களைத் தேட வேண்டும்.

5 மார்ச்

ஃபான் காற்று பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். தெற்கில் அழுத்தம் கூடி வடக்கில் குறைந்தால் காற்று ஆல்ப்ஸைத் தாண்டி வடபக்கப் பள்ளத்தாக்குகளில் வெப்பமாக, வறண்டு, மூர்க்கமாக இறங்கும். ஆல்ட்டார்ஃபில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவது அபூர்வமல்ல. ஏமாற்றுவது வானம்தான்: சூரிச்சிலிருந்து பார்த்தால் மலைகள் கைக்கெட்டும் தூரத்தில், துடைத்து வைத்ததுபோல் தெரியும். புதியவர் அன்றுதான் பறக்கக் கிளம்புவார். மேலே பாதாம்பருப்பு வடிவ மேகங்கள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்த உயரத்தில் காற்று அலைபோல் ஏறி இறங்கி ஓடுகிறது.

இங்கே எல்லோரும் பார்ப்பது ஆல்ப்ஸுக்குத் தெற்கே உள்ள லுகானோவுக்கும் வடக்கே உள்ள சூரிச்சுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம். 4 ஹெக்டோபாஸ்கல் என்றால் எச்சரிக்கை. 8 என்றால் பேச்சே இல்லை. வடக்கிலிருந்து தெற்கே வீசும் ஃபானும் உண்டு. அன்று தெற்கே டிசினோ மாநிலத்தில் பளிச்சென்று வெயில் அடிக்கும், விமானம் மட்டும் உள்ளே உள்ளவரை உலுக்கி எடுக்கும்.

ஆல்ப்ஸுக்குத் தெற்கே லோகார்னோவில் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். காலையில் அழகாகக் கடந்து போனோம். மதியம் வடபக்கம் மேகம் கட்டிவிட்டது. வானிலை அலுவலகம் பாதைவாரியாக ஓ, டி, எம், எக்ஸ் என்று எழுத்துப் போட்டு முன்னறிவிப்பு வெளியிடும். ஓ என்றால் திறந்திருக்கிறது, டி கடினம், எம் விளிம்பு நிலை, எக்ஸ் மூடல். கோட்ஹார்ட்டுக்கு எக்ஸ். விமானத்தைக் கட்டிப் போட்டுவிட்டு ரயிலேறினோம். 2016 இல் திறந்த 57 கிலோமீட்டர் சுரங்கம் காலையில் பறந்து கடந்த அதே மலைத்தொடருக்கு அடியில் போகிறது. காதில் சிறு அடைப்பு, அவ்வளவுதான். மறுநாளுக்கு விமானத்தைப் பதிவு செய்திருந்த கிளப் நண்பர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. என் மனைவியோ, இனி போகும்போதும் ரயிலிலேயே போகலாமே என்றாள். நியாயமான யோசனைதான், பறக்கும் ஆசை இல்லாதவர்களுக்கு.

6 மார்ச்

செலவு: எங்கள் கிளப்பில் நான்கு இருக்கை விமானம் மணிக்கு 290 பிராங்க். தரையிறங்கும் கட்டணம் தனி. பயணிகளோடு செலவைப் பகிர்ந்துகொள்ள விதி அனுமதிக்கிறது. விமானியும் தன் பங்கைக் கொடுத்தாக வேண்டும், லாபம் கூடாது. பல சிறு விமானத் திடல்களில் மதிய நேரத்தில் அக்கம்பக்கத்தாரின் அமைதிக்காகப் பறப்பு நிறுத்தப்படும். ஞாயிறு கட்டுப்பாடுகளும் உண்டு. புறப்படும் முன் படித்துவிடுங்கள். மலையோடு பேச முடியாது, அக்கம்பக்கத்தாரோடு பேசவே கூடாது.

26 மார்ச்

வானொலி. பெரிய நிலையங்களில் ஆங்கிலம் போதும். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறு திடல்களில் பெரும்பாலும் அந்தந்தப் பகுதியின் மொழி: வடக்கே ஜெர்மன், மேற்கே பிரெஞ்சு, தெற்கே இத்தாலியன். நீங்கள் ஆங்கிலத்தில் பேசினாலும், தரையிறங்கும் சுற்றில் முன்னால் இருப்பவர் என்ன சொன்னார் என்று புரிய வேண்டுமே. நான்கைந்து வாக்கியங்களை மனப்பாடம் செய்யுங்கள். என் ஜெர்மன் உச்சரிப்பை என் மகள் பின் இருக்கையிலிருந்து திருத்துவாள். ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தியிருக்கும்போதே.

கனடாவில் நீங்கள் அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் கேட்டுப் பழகியிருப்பீர்கள். இங்கே ஹெக்டோபாஸ்கல், 29.92 என்பது 1013. வானொலி அலைவரிசை இடைவெளி 8.33 கிலோஹெர்ட்ஸ், ஆகவே பழைய கைக்கருவியைச் சுமந்து வராதீர்கள். நடைபயண வரைபடத்தில் மலைகள் மீட்டரில், விமான வரைபடத்தில் அடியில். 3,000 மீட்டர் என்பது 9,843 அடி. இந்த ஒன்றைத் தலையில் ஏற்றிவிட்டால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

21 மே

கேள்வி கேட்டவர் வந்து சேர்ந்துவிட்டார். மருத்துவச் சான்று ஆயிற்று, கிளப்பிலும் சேர்ந்துவிட்டாராம். பயிற்றுநரோடு ஆல்ப்ஸ் அறிமுகப் பறப்பை முடிக்காதவருக்கு மலைக்குள் விமானம் தரமாட்டோம் என்று கிளப் சொன்னதில் அவருக்கு மனக்குறை. இங்கே பல கிளப்புகளில் அதுதான் வழக்கம் நண்பரே. 170 மணி நேரத்தை அவர்கள் இளக்காரமாக நினைக்கவில்லை. 2018 ஆகஸ்ட் 4 அன்று லோகார்னோவிலிருந்து டூபன்டார்ஃபுக்குப் போன ஜூ-52 விமானம் பிட்ஸ் செக்னாஸ் மலையருகே விழுந்து 20 பேரும் இறந்தார்கள். ஓட்டிய இருவரும் ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் உள்ளவர்கள், அந்த மலைகளை அறிந்தவர்கள். 2021 இல் வந்த விசாரணை அறிக்கையைப் படியுங்கள். மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற இடத்துக்குள் போதிய உயரமில்லாமல், மாற்று வழி இல்லாத பாதையில், குறைந்த வேகத்தில் நுழைந்தார்கள். கொந்தளிப்பில் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. அறிக்கையைப் படித்தபின் பயிற்றுநருக்குக் கொடுக்கும் பணம் உறுத்தாது.

18 ஜூன்

எங்காடீன் பள்ளத்தாக்கில் இருக்கும் ஸமேடன் விமான நிலையத்துக்குப் போய்வந்தேன். ஓடுபாதை 1,707 மீட்டர் உயரத்தில், 1,800 மீட்டர் நீளம். 25 பாகை செல்சியஸ் வெயில். 1,707 மீட்டர் என்பது 5,600 அடி, அங்கே தரநிலைப்படி 4 பாகைதான் இருக்க வேண்டும். 21 பாகை கூடுதல், பாகைக்கு 120 அடி உயரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக விமானத்தைப் பொறுத்தவரை அது 8,100 அடியில் இருக்கும் ஓடுபாதை. கலவையில் எரிபொருளின் பங்கைக் குறைக்காமல் புறப்பட்டால் எஞ்சின் இருமும்.

இறங்கும்போது வேகமானியில் வழக்கமான 65 நாட்தான் வைக்க வேண்டும். ஆனால் மெலிந்த காற்றில் உண்மை வேகம் 73. தரை வேகமாக ஓடுவதுபோல் தெரிவதால் கை தானாக வேகத்தைக் குறைக்கப் பார்க்கும். வேகமானியை நம்புங்கள், கண்ணை அல்ல. இதே கண் பள்ளத்தாக்குக்குள் இன்னொரு வகையில் ஏமாற்றும். தொடுவானம் இல்லாத இடத்தில், ஏறிச்செல்லும் நிலத்தைச் சமநிலம் என்று எடுத்துக்கொண்டு மூக்கைத் தூக்கி வைத்திருப்போம். வேகம் சத்தமில்லாமல் கரையும்.

பிற்பகலில் அங்கே மலோயா காற்று. மற்றப் பள்ளத்தாக்குகளில் பகலில் காற்று மேல்நோக்கி ஏறும். எங்காடீனில் அது மலோயா கணவாயிலிருந்து கீழ்நோக்கி வீசும். பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள் காற்றுப்பையைப் பார்த்து விழிப்பார்கள். காலையில் போய் மதியத்துக்குள் கிளம்பிவிடுவது உத்தமம்.

19 ஜூன்

இரண்டு துண்டுக் கேள்விகள். ஆக்சிஜன்: முடிவு விமானியின் பொறுப்பு. தன் உடலுக்கு எவ்வளவு தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவருக்கு, 10,000 முதல் 13,000 அடி வரை அரை மணிக்கு மேல் இருந்தால் விமானிக்கு ஆக்சிஜன், அதற்கு மேல் எல்லோருக்கும். 50 தாண்டியவன் என்ற முறையில் நான் முன்பே போட்டுக்கொள்கிறேன்.

எல்லை தாண்டுவது: சுவிட்சர்லாந்து ஷெங்கனுக்குள் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இல்லை. ஆகவே பாஸ்போர்ட் வரிசை இல்லாவிட்டாலும் சுங்கம் உண்டு. பறப்புத் திட்டம் பதிய வேண்டும், சுங்க வசதியுள்ள நிலையத்திலிருந்து போய் அப்படிப்பட்ட நிலையத்திலேயே இறங்க வேண்டும்.

20 ஆகஸ்ட்

பனியாற்றில் இறங்க முடியுமா என்று ஒருவர். முடியும், ஆனால் அது தனித் தகுதி. சக்கரத்துக்கு ஒன்று, பனிச்சறுக்குக் கட்டைக்கு ஒன்று. பொழுதுபோக்குக்கு என்றால் 1,100 மீட்டருக்கு மேல் அரசு குறித்த இடங்களில் மட்டும். இந்தக் கலை இங்கே வளர்ந்ததற்கு ஒரு கதை உண்டு. 1946 நவம்பரில் 12 பேரோடு ஓர் அமெரிக்க டக்கோட்டா விமானம் காவ்லி பனியாற்றில் மோதி நின்றது. அவர்கள் இருந்த இடம் அவர்களுக்கே தெரியவில்லை, பிரெஞ்சு ஆல்ப்ஸ் என்று நினைத்தார்கள். கட்டை பூட்டிய இரண்டு ஷ்டோர்ஹ் விமானங்களில் சுவிஸ் விமானிகள் போய் இறங்கி எல்லோரையும் கொண்டுவந்தார்கள். சியோன் நகரத்து ஹெர்மன் கைகர் 1952 இல் பனியாற்றில் இறங்கத் தொடங்கியது அதற்குப் பிறகு.

கிளைடர் அக்கா சொன்னதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மலைக்கு வருகிறவர்கள் முதலில் கிளைடரில் ஒரு கோடைக்காலம் கழிக்க வேண்டும் என்கிறார். பிப்ரவரியில் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். எஞ்சின் இல்லாதவருக்குக் காற்று எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது பிழைப்பு. நமக்கு அது வானிலைக் குறிப்பில் ஒரு வரி. அவரோடு பின் இருக்கையில் மேல் ரோன் பள்ளத்தாக்கில் பறந்தபோது, வெயில் படும் சரிவை ஒட்டி எஞ்சினில்லாமல் நாங்கள் ஏறிய வேகத்துக்கு என் செஸ்னா ஏறாது. இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. கோடைக்காலம் முழுவதும் எல்லோராலும் முடியாது. நான்கு பறப்புகளாவது என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஃபிளார்ம் மோதல் எச்சரிக்கைக் கருவி பற்றி: கிளைடர்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. பாராகிளைடர்களில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஃபீஷ், இன்டர்லாகன் பக்கம் வெயில் நாளில் வெளியே பாருங்கள்.

24 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் உரிமத்தோடும் பயிற்றுநரோடும் கோட்ஹார்ட் கடந்துவிட்டார். முதல் முயற்சியில் ஆண்டர்மாட் மேலே மேகத்தைப் பார்த்துத் திரும்பினார்களாம், இரண்டாவது முறை லோகார்னோ. 9,500 அடியில் கடந்தபோது ஏறும் வேகம் சொன்னதைவிட மோசமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். இரண்டு பெரியவர்கள், நிறைந்த தொட்டி, இருக்கத்தான் செய்யும்.

இனி நவம்பர் வருகிறது. சூரிச் பக்கம் தாழ்ந்த மேகம் போர்த்திக்கொண்டு நாள்கணக்கில் விலகாது. மலையில் வெயில் காயும், உங்கள் ஓடுபாதை அதற்கு அடியில் இருக்கும். மேலே போனவருக்கு இறங்க இடம் வேண்டும் என்பதால் நான் அந்த மாதங்களில் மேகத்துக்கு வெளியே இருக்கும் மாற்று நிலையம் ஒன்று உறுதியானால்தான் கிளம்புவேன்.

25 செப்டம்பர்

அவர் கேட்ட கடைசிக் கேள்வி: பயிற்றுநரோடு போன அந்தப் பறப்பு உரிமப் புதுப்பிப்புக்குக் கணக்காகுமா? ஒற்றை எஞ்சின் தகுதி இரண்டு ஆண்டு செல்லும். முடிவதற்கு முந்தைய 12 மாதங்களில் 12 மணி நேரம், அதில் 6 தலைமை விமானியாக, 12 புறப்பாடு, 12 தரையிறக்கம், பயிற்றுநரோடு குறைந்தது ஒரு மணி நேரப் பயிற்சி. இல்லையென்றால் தகுதிச் சோதனை. உங்கள் தகுதி இந்த ஆகஸ்டில்தான் தொடங்கியது, ஆகவே இந்தப் பறப்பு கணக்கில் வராது. அடுத்த செப்டம்பரில் போனால் வரும். அப்போது ஸிம்ப்லான் கணவாய் வழியாகப் போங்கள், கோட்ஹார்ட்டைத்தான் பார்த்தாயிற்றே. இறங்கியதும் பதிவேட்டில் பயிற்றுநரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.